பொலீரோ கூரையில் 65 கிலோ டென்ட்: மூன்று கம்பிக் கேரியருடன் இரண்டு மழைக்காலம்

வண்டிக் கூரை மேல் விரிக்கும் ஹார்டு ஷெல் (கெட்டியான மூடி உள்ள) டென்ட்கள் பெரும்பாலும் 55 கிலோவிலிருந்து 80 கிலோ வரை இருக்கும். என்னுடையது மெத்தை, ஏணி சேர்த்து 65 கிலோ. அதை பொலீரோவின் தலையில் ஏற்றிக்கொண்டு ஏலகிரி, ஜவ்வாது மலை, கொல்லிமலை என்று சுற்றியதில் இரண்டு வடகிழக்குப் பருவமழை கடந்துவிட்டது. டென்ட் பற்றி எழுத நிறையப் பேர் இருக்கிறார்கள். நான் எழுத வந்தது அதற்குக் கீழே இருக்கும் கேரியரைப் பற்றி. அதைக் குறைந்த செலவில் நன்றாகவே போடலாம். ஆனால் மிச்சம் பிடிக்கக்கூடாத இடங்கள் இரண்டு உண்டு: கம்பிகளை வண்டிக் கூரையோடு பிணைக்கும் காலும், போல்ட்டும்.

கடைக்குப் போகும் முன் ஒரு கணக்குப் போட வேண்டும். கேரியர் தாங்கும் எடைக்கு இரண்டு எண்கள் உண்டு. வண்டி ஓடும்போது தாங்குவது ஒன்று, நிற்கும்போது தாங்குவது இன்னொன்று. விளம்பரத்தில் பெரிய எழுத்தில் போடுவது இரண்டாவதை. நிற்கிற வண்டியில் டென்ட், இரண்டு பேர், போர்வை தலையணை எல்லாம் சேர்ந்து 225 கிலோ வந்தாலும் அது நேராகக் கீழே அழுத்துகிற எடை, அவ்வளவாக அசையாது. ஓடும்போது கதை வேறு. திடீரென்று பிரேக் அடித்தால் 65 கிலோ டென்ட் ஏறக்குறைய 50 கிலோ விசையோடு முன்னால் தள்ளும். கொண்டை ஊசி வளைவில் பக்கவாட்டில் இழுக்கும். குழியில் இறங்கி ஏறினால் ஒரு கணம் எடை பல மடங்காகக் கேரியரை உலுக்கும். அதனால் முதல் எண்ணைத்தான் பார்க்க வேண்டும்.

வண்டியின் கையேட்டில் கூரைக்கென்று ஓர் எல்லை இருக்கும், கேரியருக்கு ஓர் எல்லை இருக்கும். இரண்டில் சிறியதே நம் எல்லை. கேரியரின் சொந்த எடையையும் கூரைக் கணக்கில் சேர்க்க மறக்கக் கூடாது. மாருதி ஜிம்னியின் கையேடு கூரைக்குக் கொடுக்கும் எல்லை 30 கிலோதான். பார்ப்பதற்கு முரட்டு வண்டியாக இருப்பதை வைத்து எதையும் முடிவு செய்ய முடியாது. 80 கிலோ டென்ட்களை நான் ஆரம்பத்திலேயே ஒதுக்கியதும், கேரியரை 15 கிலோவுக்குள் முடிக்கச் சொன்னதும் இதனால்தான்.

சென்னையில் வண்டிச் சாமான்கள் விற்கும் ஜி.பி. ரோட்டில் முதலில் காட்டுவது கூடை மாதிரிக் கேரியர். பெட்டி படுக்கை ஏற்றித் திருப்பதி போய்வர அது போதும். டென்ட்டுக்கு ஒத்துவராது. சுற்றியிருக்கும் விளிம்புக் கம்பி டென்ட்டைத் தட்டையாக உட்கார விடாது. குழாய்கள் உருண்டையாக இருப்பதால் டென்ட்டின் அடித்தகடுகளுக்குப் பிடிப்பு கிடைக்காது. பல மாடல்கள் காலியாகவே 15 கிலோவுக்கு மேல் இருக்கின்றன. "அஞ்சு பேர் ஏறி நின்னாலும் ஒண்ணும் ஆகாது சார்" என்று கடைக்காரர் சொன்னது உண்மையாகவே இருக்கலாம், ஆனால் அது நிற்கிற வண்டியின் கணக்கு.

இன்னொரு பக்கம், இறக்குமதி செய்யப்படும் தட்டையான அலுமினியப் பிளாட்பாரங்கள். வேலைப்பாடு மிக நேர்த்தி. விலை டென்ட்டின் விலையோடு போட்டி போடும். டென்ட் மட்டும் ஏற்றுபவருக்கு அது தேவைப்படாது. டென்ட்டுக்குச் சொந்தத் தரை இருக்கிறது, அதன் அடியில் நீளவாட்டில் இரண்டு ரெயில்கள் இருக்கின்றன. அந்த ரெயில்கள் உட்காரக் குறுக்குக் கம்பிகள் இருந்தால் போதும். பிளாட்பாரத்தின் நடுவிலிருக்கும் பட்டைகள் டென்ட்டுக்காகச் செய்யும் வேலை எதுவுமில்லை. அந்தக் காசை கால்களில் போடலாம்.

பொலீரோவில் மழைத்தண்ணீர் வழிய கூரையோரம் ரெயின் கட்டர் (gutter, தகட்டை மடித்த சிறு வாய்க்கால்) ஓடுகிறது. இது பெரிய வரம். துளை போடாமல், வெல்டிங் வைக்காமல் கிளாம்ப் போட்டு இறுக்கலாம், வேண்டாதபோது கழற்றலாம். மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆவது பிரிவும், வண்டியின் அசல் வடிவமைப்பை மாற்றுவது குறித்து 2019இல் உச்ச நீதிமன்றம் சொன்னதும் நினைவில் இருப்பதால், நிரந்தரமாக எதையும் பொருத்துவதில்லை என்பதில் உறுதியாக இருந்தேன்.

புதுப்பேட்டையில் ஒரு பட்டறையில் செய்யக் கொடுத்தேன். 40க்கு 40 மில்லிமீட்டர், 2 மில்லிமீட்டர் கனமுள்ள ஜி.ஐ. (துத்தநாகம் பூசிய இரும்பு) சதுரக் குழாய். மீட்டருக்கு 2.4 கிலோ வரும். மூன்று கம்பிக்கும் சேர்த்துப் பத்து கிலோவுக்குள். கால்கள் 5 மில்லிமீட்டர் தகடு, கிண்டி எஸ்டேட்டில் லேசர் கட்டிங். அலுமினியம் போட்டால் எடை பாதியாகும், ஆனால் வெல்டிங் சூட்டில் அலுமினியம் அந்த இடத்தில் பலமிழக்கும், நம் பட்டறைகளின் கை பழகியது இரும்பில். "ரெண்டு கம்பி போதுமே தம்பி, எதுக்கு மூணு?" என்றார் பட்டறை அண்ணன். கேரியரோடு சேர்த்து 80 கிலோவை நான்கு கால்கள் சுமந்தால் காலுக்கு 20, ஆறு சுமந்தால் 13. உள்ளே இரண்டு பேர் படுத்திருக்கும்போது 60 எங்கே, 40 எங்கே. கட்டர் என்பது வெறும் மடித்த தகடுதானே. கணக்கைக் கேட்டதும் அவரே இன்னொரு யோசனையும் சொன்னார்: காலையும் கம்பியையும் வெல்டிங் செய்யாமல், நீளத் துளை வைத்து போல்ட் போடலாம் என்று. மிக நல்ல யோசனை. பொலீரோ கூரைக்கு லேசான வளைவு இருக்கிறது. மூன்று கம்பியும் ஒரே மட்டத்தில் இல்லாவிட்டால் நடுக்கம்பி மொத்தச் சுமையையும் வாங்கும், அல்லது எதையுமே வாங்காது. நீளத் துளை இருந்ததால் நூல் பிடித்து மட்டம் பார்த்து இறுக்க முடிந்தது. பவுடர் கோட்டிங் வரை எல்லாம் சேர்த்துப் பதினான்காயிரம் ரூபாய் போல ஆனது.

இனி பயன்பாடு. கொல்லிமலையின் 70 கொண்டை ஊசி வளைவுகள்தான் சரியான பரீட்சை. ஏறும் முன் ஒவ்வொரு நட்டின் மேலும் போல்ட்டின் மேலும் சேர்த்து வெள்ளை பெயின்ட் பேனாவால் ஒரு கோடு இழுத்துவிடுவேன். மேலே போய்ப் பார்க்கும்போது கோடு உடைந்திருந்தால் நட்டு நகர்ந்திருக்கிறது என்று அர்த்தம். கேரியர் போட்ட புதிதில் முன்கால் இரண்டிலும் கோடு நகர்ந்திருந்தது. கிளாம்ப் ரப்பர் அழுந்தி உட்கார்ந்ததால் வந்த தளர்வு. மறுபடி இறுக்கிய பிறகு அசையவில்லை. புதிதாகப் போடுபவர்கள் முதல் 50 கிலோமீட்டரிலேயே நிறுத்தி எல்லா போல்ட்டையும் பார்த்துவிடுங்கள்.

சென்னைக்காரர்களுக்குப் பெரிய எதிரி உப்புக்காற்று. ஈ.சி.ஆரில் அடிக்கடி போய்வருபவர்கள் இதைக் கவனிக்க வேண்டும். ஸ்டெயின்லெஸ் போல்ட்டும் டென்ட்டின் அலுமினிய ரெயிலும் நேரடியாக உரசும் இடத்தில் அலுமினியம் அரித்து வெள்ளைப் பொடி பூக்கும். நடுவில் நைலான் வாஷர் போட்டதும் அடங்கியது. ஸ்டெயின்லெஸ் போல்ட்டில் ஸ்டெயின்லெஸ் நட்டை வேகமாக முறுக்கினால் இழை ஒட்டிக்கொண்டு அறுத்துத்தான் எடுக்க வேண்டியிருக்கும், காப்பர் கிரீஸ் தடவ வேண்டும். இவை எல்லாவற்றையும் விட முக்கியம், கிளாம்ப் ரப்பருக்கு அடியில் கட்டர். அங்கே மண்ணும் தண்ணீரும் தங்கி பெயின்ட் உரியும். மழைக்காலம் முடிந்ததும் ஆறு காலையும் கழற்றிக் கழுவி, உரிந்த இடத்தில் டச்அப் அடித்துவிட்டுத்தான் மறுபடி மாட்டுகிறேன். பழைய வண்டி என்றால் கட்டரின் சீலன்ட் வெடித்து உள்ளே துரு பிடித்திருக்கிறதா என்று பார்க்காமல் கேரியருக்கு ஆர்டர் கொடுக்காதீர்கள்.

பொலீரோவின் உயரம் 1.88 மீட்டர். கேரியரும் மூடிய டென்ட்டும் சேர்ந்து 2.2 மீட்டரைத் தாண்டிவிடும். மால்களின் அண்டர்கிரவுண்ட் பார்க்கிங்கை மறந்துவிடலாம். எங்கள் வேளச்சேரி அபார்ட்மென்ட் ஸ்டில்ட்டில் (தரைத்தள பார்க்கிங்கில்) மேற்கூரையில் கொக்கி அடிக்க அசோசியேஷன் சம்மதித்ததால், செயின் பிளாக் (சங்கிலிக் கப்பி) போட்டு டென்ட்டை இறக்கி வைக்கிறேன். இந்த வசதி இல்லாதவர்கள் டென்ட் வாங்கும் முன்பே இதற்கு வழி யோசிக்க வேண்டும், நான்கு பேரை ஒவ்வொரு முறையும் கூப்பிட முடியாது. கனமழை எச்சரிக்கை வந்தால் வண்டியை மேம்பாலத்தில் ஏற்றி நிறுத்துகிற ஊர் எங்களுடையது. அந்த நாட்களில் கூரை காலியாக இருப்பது பெரிய நிம்மதி.

டென்ட் இல்லாமல் ஓட்டும்போது சதுரக் கம்பிகள் விசில் அடிக்கும். முன் கம்பியில் நைலான் கயிற்றைச் சுருளாகச் சுற்றியதும் சத்தம் வெகுவாகக் குறைந்தது. டென்ட்டோடு ஓட்டும்போது லிட்டருக்கு ஒன்றரை கிலோமீட்டர் போல மைலேஜ் இறங்குகிறது. 80இல் போவதற்கும் 100இல் போவதற்கும் காற்றின் எதிர்ப்பு ஒன்றரை மடங்கு வித்தியாசம் என்பதால் நெடுஞ்சாலையிலும் 80ஐத் தாண்டுவதில்லை.

ரெயின் கட்டர் இல்லாத வண்டிக்கு இதே கேரியரைச் செய்ய முடியாது. கூரை ரெயில் உள்ள வண்டி என்றால், அந்த ரெயிலுக்கு உற்பத்தியாளர் கொடுத்திருக்கும் எண்ணைப் பாருங்கள். பல கார்களில் அது அழகுக்கு வைத்தது மட்டும்தான், சுமைக்கு இல்லை. எண் 75 கிலோ என்றிருந்தால் 50 கிலோவுக்குக் கீழான சாஃப்ட் ஷெல் (துணி உறை உள்ள) டென்ட்டும் தரமான இரண்டு குறுக்குக் கம்பியும் வாங்கலாம். அதற்கும் குறைவாக இருந்தால் தரையில் விரிக்கிற டென்ட்டே நல்லது.