பாலத்துக்கு முன் ஐந்து நிமிடம்: கோபத்தோடும் ஜெபத்தோடும் ஏழு வருடம்

மட்டக்களப்பு டவுனில் மோட்டார் சைக்கிள் திருத்தும் கராஜ் வைத்திருக்கிறேன். வீடு கல்லடியில். 2018 லெந்து நாட்களில் (உயிர்த்த ஞாயிறுக்கு முன் வரும் நோன்புக் காலம்) தொடங்கிய ஒரு பழக்கம் ஏழு வருடம் தாண்டியும் என்னோடு இருக்கிறது. என் கோபத்துக்காகத் தினமும் ஜெபிப்பதுதான் அது. இதே பாடு படுகிற இரண்டு பேருக்காவது உதவட்டும் என்று எழுதுகிறேன்.

மகளுக்கு அப்போது எட்டு வயது. எந்நேரமும் ஏதாவது பாட்டை முணுமுணுத்துக்கொண்டே இருப்பாள். ஒருநாள் பைக்கைக் கராஜிலேயே விட்டுவிட்டு நடந்து வந்தேன். வாசலில் நிற்கும்போதே அவள் பாடுவது கேட்டது. படலையைத் திறந்தேன். பாட்டு பாதிச் சொல்லில் நின்றுவிட்டது. நான் பிள்ளையை அடித்ததில்லை, சத்தம் மட்டும்தான் போடுவேன். அந்த 'மட்டும்' அவளுக்கு எவ்வளவு பெரியது என்று அன்றைக்குத்தான் தெரிந்தது.

முதல் மூன்று மாதம் காலையில் முழங்காலில் நின்று, "ஆண்டவரே, என் கோபத்தை எடுத்துப்போடும்" என்று கேட்டேன். பத்து மணிக்குள் கராஜில் யாரையாவது ஏசியிருப்பேன். மொத்தமாகக் கேட்டேன், மொத்தமாக மறந்தும் போனேன்.

அதைவிட மோசமான பிழை குடும்ப ஜெபத்தில் நடந்தது. "ஆண்டவரே, இந்தப் பிள்ளைக்குக் கீழ்ப்படியிற மனசைக் கொடும்" என்று மகளை வைத்துக்கொண்டே ஜெபிப்பேன். மனைவிக்குச் சொல்ல வேண்டியதையும் ஆண்டவரிடம் சொல்வதுபோலச் சொல்வேன். கண்ணை மூடிக்கொண்டு ஏசினாலும் அது ஏச்சுத்தான். கிறிஸ்தவ வீடுகள் பலவற்றில் இது நடக்கிறது என்று நினைக்கிறேன், தயவுசெய்து நிறுத்துங்கள்.

வழி காட்டியவர் எங்கள் சபையின் வயதான அம்மா ஒருவர். "மனே, கோவத்துக்காகச் செபிக்காத. கோவம் வந்த ஆளுக்காகச் செபி. பேரைச் சொல்லு" என்றார்.

அப்புறம் நேரத்தை மாலைக்கு மாற்றினேன். எபேசியர் 4:26 சிறு வயதிலேயே மனப்பாடம்: "சூரியன் அஸ்தமிக்கிறதற்கு முன்னாக உங்கள் எரிச்சல் தணியக்கடவது." கராஜைப் பூட்டிவிட்டு வரும்போது, கல்லடிப் பாலத்துக்கு முன்னால் வாவிப் பக்கம் ஓரமாக பைக்கை நிறுத்துவேன். ஆறு மணியளவில் வெயில் தண்ணீரில் சாய்ந்திருக்கும். என்ஜினை நிறுத்திவிட்டு அன்றைக்கு யார்மேல் கோபம் வந்தது, என்ன நடந்தது, அதில் நான் என்ன செய்தேன் என்று வாய்விட்டுச் சொல்வேன். அந்த ஆளுக்கு ஒரு நன்மை கேட்பேன். கடைசியில் சங்கீதம் 141:3, "கர்த்தாவே, என் வாய்க்குக் காவல்வையும்." ஐந்து நிமிடம்தான்.

வாய்விட்டுச் சொல்வதில்தான் விஷயம் இருக்கிறது. மனதுக்குள் ஓடவிட்டால் கோபம் தன் கதையைப் பெருக்கிக்கொண்டே போகும். கர்த்தருக்கு முன்னால் "அவன் எப்பவும் இப்படித்தான்" என்று சொல்ல நாக்கு வராது. எப்பவும் இல்லை என்று அவருக்கும் தெரியும், எனக்கும் தெரியும்.

வேலை பழக வவுணதீவிலிருந்து வந்த பொடியன் ஒருவனை, ஒயில் மாற்றும்போது நட்டை இறுக்க மறந்தான் என்று வாடிக்கையாளர்கள் முன்னாலேயே ஏசிவிட்டேன். மறுநாள் அவன் வரவில்லை. பத்து நாள் சம்பளம் என்னிடம் இருந்தது. நாலு மாலை அவன் பெயரைச் சொல்லி ஜெபித்தேன். ஐந்தாம் மாலை, சகோதரனுக்கு உன்மேல் குறை இருந்தால் காணிக்கையை வைத்துவிட்டு முதலில் போய் ஒப்புரவாகு என்று இயேசு சொன்னது மனதில் வந்து நின்றது. பைக்கைத் திருப்பிக்கொண்டு போய் சம்பளத்தைக் கொடுத்து, அவன் அம்மாவுக்கு முன்னால் மன்னிப்புக் கேட்டேன். அவன் திரும்பி வேலைக்கு வரவில்லை. அது அவன் உரிமை.

2019 ஏப்ரல் 21, உயிர்த்த ஞாயிறு. மட்டக்களப்பு சீயோன் தேவாலயத்தில் இஸ்லாமியத் தீவிரவாதி ஒருவனின் தற்கொலைக் குண்டு வெடித்தது. ஞாயிறு பாடசாலைப் பிள்ளைகளும் இறந்துபோனார்கள். அந்தக் கோபம் வேறு. அதை அடக்கும்படி நான் கேட்கவில்லை, ஆண்டவருக்கு முன்னால் அழுதேன். ஆனால் காத்தான்குடியிலிருந்து வருடக்கணக்கில் என்னிடம் வரும் முஸ்லிம் வாடிக்கையாளர் ஒருவர் சில வாரம் கழித்து வந்தபோது, முகத்தைத் திருப்பிக்கொண்டு, திருத்துவதற்குப் பைக்கை மட்டும் வாங்கிவைத்தேன். அன்று மாலை அவர் பெயரைச் சொன்னதும் அடுத்த வார்த்தை வரவில்லை. என்ன நடந்தது என்று சொல்லப் போனால், அவர் எதுவுமே செய்யவில்லை. என் கோபம் ஆள் மாறி நின்றது. மறுநாள் அவர் வந்தபோது தேநீர் எடுத்துக் கொடுத்தேன். இருவரும் அதிகம் கதைக்கவில்லை. இப்போதும் அவர் என்னிடம்தான் வருகிறார்.

சரி, கோபம் போய்விட்டதா? இல்லை. மதியம் பசியில் இன்னும் வரும். முன்பு சத்தம் போட்டபின்தான் தெரியும். இப்போது தாடை இறுகும்போதே தெரிகிறது, அந்த இடைவெளியில் "வாய்க்குக் காவல்வையும்" என்று சொல்ல நேரம் கிடைக்கிறது. வீட்டில் கை நீட்டுகிற அளவுக்குக் கோபம் வருபவர்கள் ஜெபத்தோடு உளவளத்துணையாளர் ஒருவரிடமும் போக வேண்டும் என்பது என் உறுதியான எண்ணம். மகளுக்கு இப்போது பதினைந்து தாண்டிவிட்டது. படலைச் சத்தத்துக்குப் பாட்டு நிற்பதில்லை.

ஒரு பெயர் மட்டும் பாக்கி. என் சொந்த அண்ணன். காணிப் பிரச்சினை. அவருக்கு ஒரு நன்மை கேட்க இன்னும் எனக்கு வாய் வரவில்லை. பெயரை மட்டும் சொல்லிவிட்டு, கொஞ்ச நேரம் சும்மா நின்று, பைக்கை ஸ்டார்ட் பண்ணுகிறேன்.