டிரம் ஏறியது, அடுப்பு எரியவில்லை

தேவகோட்டை மச்சான் நேற்று போன் பண்ணினார். "கோபர் கேஸ் தொட்டி போடலாம்னு இருக்கேன், அந்த எக்செல்லையும் அனுப்பி விடுங்க." இரண்டு வருஷமாக அந்த எக்செல்லோடு மல்லுக்கட்டுகிறவன் என்ற முறையில் சொல்கிறேன்.

எங்கள் பள்ளத்தூர் வீட்டில் இருப்பது மிதக்கும் டிரம் வகை, 2 கன மீட்டர். வாயு சேரச் சேர டிரம் மேலே ஏறும். எக்செல் அக்கா மகன் போட்டது. சாணி எடையும் அன்றைய வெயிலும் கொடுத்தால் எத்தனை லிட்டர் வாயு என்று சொல்லும். பச்சைச் சாணி கிலோவுக்கு 40 லிட்டர். 45 கிலோவுக்கு 1,800. சரிபார்க்க டிரம்மில் பெயிண்டால் கோடு போட்டிருக்கிறேன். விட்டம் 1.25 மீட்டர், அதனால் 10 செ.மீ. ஏறினால் ஏறக்குறைய 120 லிட்டர். சித்திரையில் கணக்கும் கோடும் ஒட்டியே போகும். மார்கழியில் வாயு குறையும் என்பதைக்கூட முன்னாலேயே சொல்லிவிட்டது. பையன் கெட்டிக்காரன்தான்.

அப்புறம் வந்தது மாசி. பக்கத்து வீட்டில் சாந்தி விசேஷம். மிஞ்சிய சோறும் இரண்டு குண்டான் கஞ்சியும் வீணாகிறதே என்று எக்செல்லில் போட்டுப் பார்த்தேன், எண் எகிறியது. மூன்று நாள் ஊற்றினேன். டிரம்மும் எகிறியது, கடைசிக் கோட்டைத் தாண்டி ஓரத்தில் குமிழி விட்டது. ஆத்தா தீக்குச்சி கிழித்தார்கள். பர்னர் உஸ்ஸென்று சீறியதே தவிரப் பற்றவில்லை. ஆறு குச்சி வீண்.

சோறு சீக்கிரம் புளித்துவிடும். அமிலம் உண்டாக்கும் நுண்ணுயிர்கள் ஓட்டமாக ஓடும், மீத்தேன் உண்டாக்குபவை ஆமை நடை, புளிப்பு ஏறினால் அதுவும் நின்றுவிடும். வழக்கமாக வாயுவில் பாதிக்கு மேல் எரியக்கூடிய மீத்தேன் இருக்கும். அன்றைக்கு டிரம் நிறையக் கரியமில வாயு. எக்செல்லுக்கு லிட்டர்தான் தெரியும், புளிப்பு தெரியாது.

"மாமா, அதுக்கு 2002ல வந்த ADM1ங்கிற சாண வாயுத் தொட்டிக் கணக்கு மாடல் வேணும், பி.எச்.னு புளிப்பு அளவெல்லாம் பார்க்கும்" என்கிறான். அது என் சாணியில் புரதம் எவ்வளவு, கொழுப்பு எவ்வளவு என்று கேட்குமாம். மாட்டையா கேட்க?

இரண்டு வாரம் எதுவும் போடாமல், கொஞ்சம் சுண்ணாம்புத் தண்ணீர் விட்டு, சிலிண்டரில் சமைத்தோம். இப்போது நீலச் சுடர், சாணி மட்டும்தான்.

வருஷத்தில் பதினொரு மாதம் சரியாகச் சொல்கிற கணக்குதான். இருந்தாலும் மச்சானுக்கு அனுப்பவில்லை. கோடு போட்டு மிஞ்சிய பெயிண்டைக் காலை பஸ்ஸில் கொடுத்துவிட்டேன்.