ஒப்பந்தக்காரர் மூலம் வெளிநாட்டுப் பண்ணை வேலைக்குப் போகிறவர்களுக்கு ஓர் எச்சரிக்கை

பழப் பண்ணையில் பருவகால வேலை, மணிக்கணக்கில் சம்பளம், தங்குமிடம் இலவசம் என்று சொல்லித்தான் ஒப்பந்தக்காரர் எங்களை அழைத்துச் சென்றார். போய் இறங்கிய அன்றே, பத்திரமாக இருக்கட்டும் என்று எல்லோருடைய பாஸ்போர்ட்டையும் வாங்கி வைத்துக்கொண்டார்.

முதல் சம்பளச் சீட்டு வந்தபோது மணிக்கணக்கு கூடைக் கணக்காக மாறியிருந்தது. கொட்டகை வாடகை, வேன் செலவு, கத்தரிக்கோல், கையுறை என்று வரிசையாகப் பிடித்தங்கள் இருந்தன; அவற்றுக்கும் கீழே, விசாவுக்காக நாங்கள் புறப்படும் முன்பே கட்டிய தொகை, ஒப்பந்தக்காரர் கொடுத்த முன்பணம் என்ற பெயரில் எங்கள் தலையில் மீண்டும் கடனாக ஏறியிருந்தது. மழையால் பறிப்பு நின்ற நாட்களில் கூலி நின்றதே தவிர, வாடகைப் பிடித்தம் நிற்கவில்லை. பண்ணை உரிமையாளரிடம் முறையிட்டால், உங்கள் முதலாளி ஒப்பந்தக்காரர்தான் என்றார். ஒப்பந்தக்காரரோ, பண்ணையிலிருந்து பணம் வரவில்லை என்று கைவிரித்தார். விசா அந்த ஒரு வேலையோடு கட்டப்பட்டிருந்ததால் வேறு பண்ணைக்கு மாறவும் வழியில்லை. இந்த ஏற்பாட்டின் மிகப் பெரிய அநீதி இதுதான் என்பேன்: வேலை வாங்க இருவர் இருக்கிறார்கள், பொறுப்பேற்க ஒருவரும் இல்லை.

இலங்கைத் தோட்டங்களில், கங்காணி காட்டும் கடனை அடைத்தால்தான் ஆளை விடுவிப்போம் என்று தோட்ட நிர்வாகம் சீட்டு எழுதிக்கொடுத்த ‘துண்டு’ முறை 1921-இல் சட்டப்படி ஒழிக்கப்பட்டது. ஆனால் அதே கடன்கட்டு இன்று சம்பளச் சீட்டுக்குள் வந்து உட்கார்ந்திருக்கிறது. வேலைக்கு ஆள் சேர்க்கும் தனியார் முகவர், நேரடியாகவோ மறைமுகமாகவோ தொழிலாளரிடம் கட்டணம் வாங்கக் கூடாது என்பதைச் சர்வதேசத் தொழிலாளர் அமைப்பின் 181-ஆம் உடன்படிக்கை (1997) பொது விதியாக வைத்திருக்கிறது. அதை ஏற்ற நாடுகளையே அது கட்டுப்படுத்தும். அடையாள ஆவணங்களைப் பிடித்துவைப்பதும், கூலியை நிறுத்திவைப்பதும், கடனால் கட்டிப்போடுவதும் கட்டாய உழைப்பின் அறிகுறிகள் என்றும் அந்த அமைப்பு வரையறுத்திருக்கிறது.

ஆகவே புறப்படும் முன், ஒப்பந்தத்தில் முதலாளி என்று யார் பெயர் இருக்கிறது, சம்பளத்தை யார் தருவார், வேலை இல்லாத நாளுக்கு என்ன கிடைக்கும், எதற்கெல்லாம் பிடித்தம் உண்டு என்பதை உங்களுக்குப் புரியும் மொழியில் எழுத்தில் வாங்குங்கள். போகும் நாட்டில் ஒப்பந்தக்காரருக்கு உரிமம் தேவையா, அது இவரிடம் இருக்கிறதா என்று பாருங்கள். பிரிட்டனில் 2004-ஆம் ஆண்டுச் சட்டப்படி, வேளாண் வேலைக்கு ஆள் அனுப்புகிறவர் உரிமம் பெற்றாக வேண்டும். கட்டிய பணம் ஒவ்வொன்றுக்கும் ரசீது கேளுங்கள். அன்றாடம் வேலை பார்த்த நேரத்தையும் நிரப்பிய கூடைகளையும் குறித்துவையுங்கள். நாங்கள் தொழிலாளர் துறையில் புகார் கொடுத்தபோது, எங்களுக்குள் ஒருவர் எழுதிவைத்திருந்த அத்தகைய நோட்டைத்தான் அதிகாரிகள் முதலில் கேட்டு வாங்கினார்கள்.