பினாங்கில் தனியாகத் தங்கப் போகும் பெண்கள் கவனத்துக்கு

முதலில் விஷயம், கதை பிறகு. ஆப்பில் ரூம் புக் பண்ணிய பின் விடுதிக்காரர் வாட்ஸ்அப்பில் வந்து, "அங்கே கேன்சல் பண்ணிட்டு என் அக்கவுண்டுக்கு நேரா போடுங்க, குறைச்சுத் தரேன்" என்றால் போடாதீர்கள். நான் போட்டேன். 310 வெள்ளி (மலேசிய ரிங்கிட்) போச்சு.

கிள்ளான்காரி நான். பள்ளி விடுமுறையில் மூன்று நாள் தனியாகப் பினாங்கு போய் வரலாம் என்று கிளம்பினேன். அம்மாவுக்குத் துளியும் இஷ்டமில்லை. இதைப் படித்தால் "அப்பவே சொன்னேன்ல" என்பார், சொல்லட்டும். கேஎல் சென்ட்ரலில் ஈடிஎஸ் ரயில் ஏறி, பட்டர்வொர்த்தில் இறங்கி, ஃபெர்ரியில் ஜார்ஜ் டவுன் சேரும்வரை ஒரு தொந்தரவும் இல்லை. தொந்தரவு தமிழில் வந்தது.

சூலியா தெருவை ஒட்டிய ஒரு சந்தில், பெண்கள் மட்டும் தங்கும் ஆறு படுக்கை அறை, திரை, லாக்கர் எல்லாம் படத்தில் இருந்தது. இரவுக்கு 80 வெள்ளி. புக் பண்ணிய அரை மணிநேரத்தில் மெசேஜ்: "வணக்கம் தங்கச்சி, பேரைப் பார்த்தேன், நம்ம ஆளு. ஆப்காரனுக்கு எதுக்குக் கமிஷன்? 70க்கு எடுத்துக்குங்க." அந்தத் 'தங்கச்சி'யில்தான் விழுந்தேன். ஒரு சீனரோ மலாய்க்காரரோ இப்படிக் கேட்டிருந்தால் நூறு கேள்வி கேட்டிருப்பேன், வெட்கத்தோடு ஒத்துக்கொள்கிறேன். மூன்று இரவுக்கு 210, டெபாசிட் 100. அனுப்பிவிட்டு, ஆப்பில் என் கையாலேயே கேன்சல் பண்ணினேன்.

போய்ச் சேர்ந்ததும் கவுண்டரில் இருந்த பையன் சுற்றுலா வரி என்று 30 வெள்ளி கேட்டான். 2017 செப்டம்பரிலிருந்து இருக்கும் அந்த வரி வெளிநாட்டுக்காரர்களுக்கு, ஓர் அறைக்கு ஓர் இரவுக்கு 10 வெள்ளி. மலேசியர்களுக்குக் கிடையாது. ஐசியை (அடையாள அட்டையை) எடுத்துக் காட்டினேன். "ஓ, இந்தியான்னு நினைச்சேன், சரி விடுங்கக்கா" என்று சிரித்தான். ஆள் யார் என்று பார்த்துப் பார்த்துக் கேட்கிறார்கள் என்பது அங்கேயே புரிந்திருக்க வேண்டும். பையைத் தூக்கிக்கொண்டு திரும்பியிருக்க வேண்டும். திரும்பவில்லை.

பெண்கள் அறையில் "பைப் ரிப்பேர்" என்று சொல்லி, பின்கட்டில் தனி அறை கொடுத்தான். "அப்கிரேட்" என்று வேறு. கதவுத் தாழ்ப்பாளில் இரண்டு ஸ்குரூ இல்லை. அந்த நடையில் என்னைத் தவிர தங்கியிருந்தவர்கள் எல்லாம் ஆண்கள், ஒரே ஒரு குளியலறை. அறை மாற்றச் சொன்னேன். "நாளைக்குப் பார்க்கலாம்கா."

இரவு ஒன்றரை மணிக்கு யாரோ கைப்பிடியைத் திருப்பினார்கள். குடித்துவிட்டு அறை மாறி வந்தவராக இருக்கலாம், இல்லாமலும் இருக்கலாம். மூன்று மணிக்கு மறுபடியும். நாற்காலியைக் கதவுக்கு முட்டுக்கொடுத்து, அதன்மேல் பையை வைத்து, போனைக் கையில் பிடித்தபடி விடியும்வரை உட்கார்ந்திருந்தேன். வாட்ஸ்அப்பில் பேசிய அந்த 'அண்ணன்' நம்பர் அணைந்து கிடந்தது. கவுண்டரில் ஆளே இல்லை.

காலையில் லிட்டில் இந்தியா பக்கம் வேறு ஹோட்டலுக்கு மாறினேன். அந்த 'அண்ணனிடம்' காசைக் கேட்டதற்கு, "நீங்களாதானே போறீங்க, நாங்க போகச் சொல்லலையே." டெபாசிட் மூன்று நாளில் வரும் என்றார். நான்காம் நாள் என்னை பிளாக் செய்திருந்தார்.

ஆப்காரர்களிடம் போனால், "கேன்சல் செய்தது நீங்கள், பணமும் எங்கள் வழியாக வரவில்லை" என்றார்கள். தங்கிய பதிவு இல்லாததால் ரிவியூகூடப் போட முடியாது. அந்த இடத்துக்கு இத்தனை நல்ல மார்க் எப்படி என்று இப்போது விளங்குகிறது. என்னைப் போல் மாட்டினவர்கள் யாருமே அங்கே எழுத முடியாதே! மோசடிக் கணக்குகளைத் தேடிப் பார்க்கும் போலீஸின் செமாக்மியூல் தளத்தில் அந்த வங்கி எண்ணைப் போட்டுப் பார்த்தேன், சுத்தமாக இருந்தது. புகார் வந்த எண்தான் அதில் தெரியும், அதனால் அதை மட்டும் நம்பிப் பணம் அனுப்பாதீர்கள். பணம் அனுப்பிய சில மணிநேரத்துக்குள் மோசடி என்று தெரிந்தால் 997 என்ற மோசடிப் புகார் எண்ணுக்கு அழைக்கலாம். நான் அந்த நேரத்தைத் தாண்டியிருந்தேன்.

போலீஸ் ரிப்போர்ட் செய்தேன். பிறகு பயனீட்டாளர் (நுகர்வோர்) தீர்ப்பாயத்தில் வழக்குப் பதிந்தேன். இது பலருக்குத் தெரிவதில்லை: கட்டணம் 5 வெள்ளிதான், 50,000 வெள்ளிவரை கோரலாம், வக்கீல் வேண்டாம். எதிர்த்தரப்பின் பெயரும் முகவரியும் கட்டாயம் வேண்டும். எனக்கு அதுதான் சிக்கல். வங்கிக் கணக்கில் இருந்தது வேறு யாரோ ஒரு பெண்ணின் பெயர். காப்பாற்றியது தரை ஓடு. அந்த வீட்டின் பழைய பூப்போட்ட ஓடுகள் அழகாக இருக்கிறதே என்று வந்த அன்று எடுத்த படத்தின் மூலையில், சுவரில் மாட்டிய வியாபார லைசென்ஸ் விழுந்திருந்தது. பெரிதாக்கினால் கம்பெனிப் பெயர் தெளிவாகத் தெரிகிறது. நீங்கள் ஓடுகளை விட்டுவிட்டு லைசென்ஸையே எடுங்கள்.

விசாரணை அடுத்த மாதம். அவருக்கு நோட்டீஸ் கிடைத்துவிட்டது போல. நேற்று இரவு புது நம்பரிலிருந்து மெசேஜ்: "தங்கச்சி, 50 தரேன், கேஸை வாபஸ் வாங்கிடும்மா." பதில் போடவில்லை. ஸ்கிரீன்ஷாட் எடுத்து மற்ற சாட்சியங்களோடு வைத்திருக்கிறேன்.