டி அண்ட் ஏ ஷீட்டை கம்பெனி முழுக்கத் திறந்துவிட்டோம்: சில வருட அனுபவம்

திருப்பூரில் நடுத்தர அளவுள்ள பனியன் ஏற்றுமதி கம்பெனி ஒன்றில் மெர்ச்சண்டைசராக, அதாவது ஒவ்வொரு ஆர்டரையும் ஆரம்பம் முதல் ஷிப்மெண்ட் வரை பின்தொடர்பவனாக இருக்கிறேன். நூல் வாங்குவதில் ஆரம்பித்து கன்டெய்னர் ஏற்றுவது வரை தேதி போட்டு வைக்கும் டி அண்ட் ஏ (டைம் அண்ட் ஆக்‌ஷன்) அட்டவணை இந்தத் தொழிலில் எல்லோரிடமும் உண்டு. பெரும்பாலும் அது மெர்ச்சண்டைசரின் கம்ப்யூட்டரிலேயே கிடக்கும். நாங்கள் 2021 கடைசியில் அதை ஆன்லைன் ஷீட்டாக்கி அக்கவுண்ட்ஸ், ஸ்டோர்ஸ், குவாலிட்டி, ஹெச்ஆர், ஷிப்பிங் எல்லோரும் எழுதும்படி கொடுத்தோம். இதே யோசனையில் இருப்பவர்களுக்காக இதை எழுதுகிறேன்.

பெரிய பலன் அக்கவுண்ட்ஸ் உள்ளே வந்ததுதான். முன்பு ஒரு போலோ ஆர்டரில் துணி ரெடி, தையல் லைன் ரெடி, வாஷ்கேர் லேபிள் மட்டும் வரவில்லை. விசாரித்தால், லேபிள்காரரின் பழைய பில் பாஸாகாமல் நிற்கிறது. அவர் புது ஆர்டரை ஓட்டவே இல்லை. பில் நிற்பது எனக்கும் பர்ச்சேஸுக்கும் தெரியாது. அந்த பில் எந்த ஷிப்மெண்டைப் பிடித்து வைத்திருக்கிறது என்று அக்கவுண்ட்ஸுக்குத் தெரியாது. பைசாக் கணக்கில் விலையுள்ள ஒரு லேபிளுக்காக லைனையே வேறு ஸ்டைலுக்கு மாற்ற வேண்டியதாயிற்று. இப்போது ஒவ்வொரு ஆக்சசரீஸ் வரியிலும் சப்ளையர் பாக்கிக்கு ஒரு கட்டம் இருக்கிறது, அதை அக்கவுண்ட்ஸ்தான் நிரப்ப வேண்டும். குறு, சிறு நிறுவனங்களுக்கு அதிகபட்சம் 45 நாளுக்குள் பணம் கொடுக்காவிட்டால், கொடுத்த வருடத்தில்தான் அதைச் செலவாகக் காட்ட முடியும் என்ற வருமான வரி விதி 2023-24 கணக்கிலிருந்து வந்தபோது, அந்தக் கட்டம் கைகொடுத்தது.

அடுத்தது கழுத்து ரிப், அதாவது கழுத்துப் பட்டிக்கான இழுபடும் துணி. பாடித் துணியும் ரிப்பும் ஒரே லாட்டில் டையிங் போக வேண்டும். நிட்டிங்கில் ரிப் தாமதமாகும். டையிங்கிலிருந்து "மெஷின் காலியா இருக்கு, பாடியை மட்டும் அனுப்புங்க" என்று போன் வரும். அனுப்பினால் ஷேட் மாறி, நிறம் பார்க்கும் லைட் பாக்ஸில் கழுத்து தனியாகத் தெரியும். இப்போது ரிப்பின் எடை ஷீட்டில் ஏறாமல் ஸ்டோர்ஸ் டையிங்குக்கு டிசி (துணியை அனுப்பும் டெலிவரி சலான்) போடுவதில்லை. குவாலிட்டி வந்து தடுக்கட்டும் என்று காத்திருக்காமல் அவர்களே நிறுத்தி வைக்கிறார்கள். இந்த மாற்றத்தை நான் மிகவும் மதிக்கிறேன்.

ஹெச்ஆருக்கு இதில் என்ன வேலை என்று பலர் கேட்கிறார்கள். பீகார்த் தொழிலாளர்கள் தீபாவளிக்கு ஊருக்குப் போனால் சத் பூஜை முடித்துத்தான் திரும்புவார்கள். யார் யார் போகிறார்கள் என்று லைன்வாரியாக ஹெச்ஆர் போட்டுவிட்டால், அந்த வாரங்களுக்கு எவ்வளவு ஆர்டர் எடுக்கலாம் என்பது தெரிந்துவிடும். ரயில் முன்பதிவு 2024 நவம்பரில் 120 நாளிலிருந்து 60 நாளாகக் குறைந்ததால், டிக்கெட்டை வைத்து இந்தக் கணக்கைப் போடுவது கொஞ்சம் பிந்துகிறது.

செங்கடல் பிரச்சினையில் ஐரோப்பா போகும் கப்பல்கள் ஆப்பிரிக்காவைச் சுற்றிப் போக ஆரம்பித்தபோது, ஷிப்பிங் பிரிவு கூடுதல் நாட்களை உடனே ஷீட்டில் போட்டது. பையர் கேட்கும் முன்பே நூல் வாங்கும் தேதியை முன்னுக்கு இழுத்தோம்.

குறைகளும் இருக்கின்றன. வெளியில் கூலிக்குச் செய்து தரும் டையிங், பிரிண்டிங், பவர்டேபிள் (தையல்) ஜாப்வொர்க்காரர்கள் யாரும் ஷீட்டைத் தொடுவதில்லை. அவர்கள் போனில் சொல்வதை எங்கள் ஆள்தான் ஏற்றுகிறார், "நாளைக்கு ரெடி" என்பதும் அப்படியே தேதியாக ஏறிவிடுகிறது. கேட்கிறவர்களுக்கெல்லாம் ஷீட்டில் நெடுவரிசை (column) சேர்த்துக் கொடுத்ததில் மொபைலில் பார்ப்பது பெரும்பாடு. முதல் வருடம் தாமதமான தேதியைச் சத்தமில்லாமல் மாற்றிவிடும் பழக்கமும் இருந்தது. முதல் தேதியைப் பூட்டிவிட்டு, மாற்றுத் தேதியையும் காரணத்தையும் தனியாக எழுத வைத்த பிறகுதான் அது நின்றது. பொறுப்பு என்ற கட்டத்தில் ஆளின் பெயர் இருக்க வேண்டும். "பர்ச்சேஸ்" என்று போட்டால் அந்த வரியை யாரும் பார்க்க மாட்டார்கள்.

முதலாளி காலைக் கூட்டத்தில் ஷீட்டைத் திறந்து சிவப்புக் கட்டங்களைக் கேட்கிறார். அவர் வெளிநாட்டுக் கண்காட்சிக்குப் போகும் வாரங்களில் நிரப்புவது தளர்ந்துவிடுகிறது, இன்றுவரை இது தீரவில்லை.

குறைந்த ஸ்டைல்களோடு ஓடும் யூனிட்டுக்கு இது தாராளமாகப் போதும். இஆர்பி (கம்பெனி முழுவதையும் நிர்வகிக்கும் சாஃப்ட்வேர்) வாங்கப் பணம் போடும் முன் இதை ஒரு சீசன் ஓட்டிப் பாருங்கள். எல்லாப் பிரிவையும் ஒரே நாளில் உள்ளே இழுக்காமல், ஸ்டோர்ஸையும் அக்கவுண்ட்ஸையும் வைத்து ஆரம்பியுங்கள்.