ஆலங்குளத்துல ஒரு ஹோம் தியேட்டர் பிசி: மூணு வருஷத்துக்கு மேல ஓட்டுன அனுபவம்

2022 கடைசில கட்டுன எச்டிபிசி, அதாவது ஹோம் தியேட்டர் பிசி, இன்னைக்கும் ஹால்ல டிவிக்கு பக்கத்துல ஓடிக்கிட்டு தான் இருக்கு. வாங்குறதுக்கு முன்னாடி பாத்த வீடியோ பூரா பிராசசரு, கிராபிக்ஸ் கார்டுன்னே பேசுனாங்க. இவ்ளோ நாள் ஓட்டிட்டு சொல்லுதேன், படம் பாக்க மட்டும் கட்டுற மெஷினுக்கு அதுல மண்டைய உடைக்க வேண்டாம், அதுவும் எங்க ஊரு மாதிரி எடத்துல. இங்க தூசியையும் கரண்டையும் தாங்குனா தான் அது மெஷினு. அதனால காச கேசு, ஃபேனு, எஸ்எம்பிஎஸ்ஸு (பவர் சப்ளை), அப்புறம் ரிமோட்டு, அங்கன போடுங்க.

டிவியே ஸ்மார்ட் டிவியா இருக்கும்போது பிசி என்னத்துக்குன்னு எல்லாரும் கேக்குதாங்க. ஓடிடி மட்டும் பாக்குற வீடுன்னா பிசி தேவையே இல்ல, ஒரு ஸ்டிக் வாங்கி சொருவிட்டு நிம்மதியா இருங்க. லினக்ஸ்ல குரோம்ல ஓடிடி பாத்தா வைட்வைன்னு சொல்ற காப்பி தடுக்குற பூட்டுல கீழ் லெவலான எல்3 தான், 4கே வராது, விண்டோஸ்லயும் ஒவ்வொரு கம்பெனிக்கும் ஒவ்வொரு கண்டிஷன். எங்க வீட்டுலயும் ஓடிடிக்கு டிவில இருக்க ஆப் தான்.

எங்களுக்கு பிசி வேணும்னு ஆனது கொடை டிவிடியால. எங்க பக்கம் கோயில் கொடைன்னா வில்லுப்பாட்டு, கணியான் கூத்து, கரகாட்டம்னு விடிய விடிய நடக்கும், அத ஊர்ல வீடியோக்காரங்க எடுத்து டிவிடி போட்டு குடுப்பாங்க, அப்பா வருஷா வருஷம் வாங்கி பீரோவுல அடுக்கி வச்சிருந்தாவ. அது போக கல்யாணம், சடங்கு, வீட்டு பால்காய்ச்சு எல்லாம். இத பென் டிரைவ்ல போட்டு டிவில பாத்தா ரெண்டு தொந்தரவு. ஒண்ணு, டிவிடிக்குள்ள வீடியோ 1 ஜிபி 1 ஜிபியா வெட்டி விஓபி ஃபைலா தான் இருக்கும், அதனால இருவது இருவத்தஞ்சு நிமிஷத்துக்கு ஒருக்க கத நடுவுல நின்னுரும், அம்மா "எய்யா, நின்னு போச்சு பாரு"ன்னு கூப்புடுவா. இன்னொண்ணு தான் பெரிசு. நம்ம ஊரு டிவிடி பால் சிஸ்டம், 720க்கு 576, செகண்டுக்கு 25 ஃபிரேம், ஆனா ஒவ்வொரு ஃபிரேமும் ஒத்த வரி ஒரு நேரத்துலயும் ரெட்ட வரி அடுத்த நேரத்துலயும் எடுத்தது, ஆக மொத்தம் 50 அரை படம். இத சரியா பிரிச்சு காட்டலன்னா அசையுற எடம் பூரா சீப்பு பல்லு மாதிரி கிழிஞ்சு தெரியும். வில்லுல வீசுகோல் அடிக்கும்போதும் கரகம் சுத்தும்போதும் பாத்தா கண்ணு வலிக்கும். எங்க டிவியோட யூஎஸ்பி பிளேயர் அத கண்டுக்கவே இல்ல.

பிசில கோடின்னு (Kodi) படம் ஓட்டுற சாஃப்ட்வேர் போட்டு, அந்த அரை படத்த சரி பண்ற டீஇன்டர்லேஸ ஆன் பண்ணி, ரிஃப்ரெஷ் ரேட்ட வீடியோவுக்கு ஏத்த மாதிரி மாத்திக்கன்னு ஒரு செட்டிங் இருக்கு, அதயும் போட்டுட்டா டிவி தானா 50 ஹெர்ட்ஸுக்கு போயிரும், அந்த 50 அரை படமும் 50 முழு படமா வழுக்கிக்கிட்டு ஓடும். சினிமா படம்னா பெரும்பாலும் 24 ஃபிரேம், அதுக்கு 24க்கு மாறிரும், 60ல ஓட்டுனா கேமரா மெதுவா திரும்புற சீன்ல லேசா இழுத்து இழுத்து வரும்ல, அது இருக்காது. எங்க வீட்டுக்கு இந்த ஒரு காரணமே போதும். டிவிடிய மேக்எம்கேவின்னு ஒரு சாஃப்ட்வேர்ல போட்டா விஓபி எல்லாம் ஒரே எம்கேவி ஃபைலா வந்துரும், டிவிடிக்கு அது ஃப்ரீ தான்.

இனி பார்ட்ஸ். பிராசசர் ஐ3-12100, 12வது ஜெனரேஷன். இதுக்கு மேல போக வேண்டிய அவசியம் ஒருக்க கூட வரல. பாக்க வேண்டியது சுருக்கி வச்ச வீடியோவ சிப்பே பிரிக்குதான்னு (டீகோட்) தான், எச்இவிசி, ஏவி1 எல்லாம் வீடியோவ சுருக்குற முறை: 10 பிட் எச்இவிசி இன்டெல்ல 7வது ஜெனரேஷன்ல இருந்தே உண்டு, ஏவி1 11ல இருந்து தான். கடையில "எஃப்" போட்ட மாடல் கொஞ்சம் கம்மி வெலைக்கு காட்டுவாங்க, 12100எஃப் மாதிரி, அதுல உள்ள கிராபிக்ஸே கிடையாது, டிவில படமே வராது, தொடாதீங்க. கடைக்கார அண்ணாச்சி ரைசன் 5600ஜி தான் நல்லதுன்னு சொன்னாவ, கேம் ஆடுறவங்களுக்கு அது நல்லது தான், ஆனா அதுல ஏவி1 டீகோட் இல்ல, 4கே ஏவி1 வந்தா கோர் எல்லாம் உக்காந்து வேல செய்யணும், ஃபேன் சத்தம் ஏறும், ஹால்ல அது வேண்டாத வேல.

ரேம் 8 ஜிபி, அதுவே ஜாஸ்தி. எஸ்எஸ்டி சின்னது போதும்.

மதர்போர்டு எச்610. இதுல ஒண்ணே ஒண்ணு தான் பாக்கணும், எச்டிஎம்ஐ எந்த வெர்ஷன்னு. வெல கம்மியான சில எச்610 போர்டுல இன்னும் 1.4 தான் குடுத்துருக்கான், அதுல 4கே 30 ஹெர்ட்ஸ் தான் வரும், மெனு நகத்தும்போதே விட்டு விட்டு போறது தெரியும். 2.0 இருந்தா 60. டப்பாவுல எழுதிருக்க மாட்டான், கம்பெனி சைட்டுல ஸ்பெக் பேஜ்ல போயி பாருங்க. மினி ஐடிஎக்ஸ்னு சின்ன சைஸ் போர்டு பாக்க அழகா இருக்கும், நம்ம ஊருல வெலையும் ஜாஸ்தி, கெடைக்குறதும் கஷ்டம். நான் மைக்ரோ ஏடிஎக்ஸ் தான் எடுத்தேன், திருநெல்வேலில எந்த கடையிலயும் கெடைக்கும்.

இப்ப கேசு, ஃபேனு. எங்க அம்மா பீடி சுத்துவா, ஹால்ல தான், மடியில சொளவு, அதுல இலையும் தூளும், எதுக்க டிவி. இந்த பக்கம் பாதி வீட்டுல அப்படி தான். அந்த தூள் ரொம்ப நைசு, மெல்ல பறந்து போயி ஃபேன் றெக்கையில ஒட்டும், மழக்காலத்து ஈரத்தோட சேந்தா தொடச்சாலும் போவாது. ஆனி ஆடின்னா இன்னொரு கூத்து, செங்கோட்ட கணவாய் வழியா வாற காத்து எங்க ஊர தாண்டி தான் கெழக்க போவுது, கயத்தாறு பக்கம் அவ்ளோ காத்தாடி நட்டு வச்சிருக்கதே இதுக்கு தான். சன்னல சாத்துனாலும் மேசையில செம்மண் படியும்.

அதனால முன்னாடி ரெண்டு 120 எம்எம் ஃபேன் உள்ள இழுக்கணும், பின்னாடி ஒண்ணு வெளிய தள்ளணும், இழுக்குறது ஜாஸ்தியா இருந்தா தான் உள்ள காத்து அழுத்தம் ஏறி சந்து பொந்து வழியா தூசி நுழையாது. இழுக்குற ஃபேனுக்கு முன்னாடி கழட்டி கழுவுற ஃபில்டர் இருக்க கேசா பாத்து வாங்குங்க, அதுவும் பேனலையே பேக்குற மாதிரி இல்லாம காந்தத்துல ஒட்டுறதா. கழட்ட கஷ்டமா இருந்தா யாரும் கழுவ மாட்டாங்க. சிலபேரு கொசுவலைய வெட்டி ஒட்டுதாங்க, முடியும் பஞ்சும் நிக்கும், பீடித்தூளுக்கு அது வேலைக்காவாது. பின்னாடி கார்டு போடுற ஓட்டைக்கு தகட்ட மாட்டிருங்க, சும்மா விட்டா பல்லி உள்ள குடியிருக்கும், எஸ்எம்பிஎஸ் சூடு அதுக்கு ரொம்ப புடிக்கும் போல.

80 எம்எம் சின்ன ஃபேன் இருக்க ஒல்லி கேசு வேண்டாம். அதே காத்துக்கு சின்ன ஃபேன் வேகமா சுத்தணும், சத்தமும் கீச்சுன்னு வரும். வேகத்த கூட்டி கொறைக்க முடியுற 120 எம்எம் பிடபிள்யுஎம் ஃபேன பயாஸ்ல (மதர்போர்டு செட்டிங்) மெதுவா சுத்த வச்சா ராத்திரி பதினோரு மணிக்கும் கேக்காது. ப்ளோயர் வச்சு ஊதும்போது றெக்கைய ஒரு வெரலால புடிச்சுக்கோங்க, காத்து வேகத்துல கன்னாபின்னான்னு சுத்துனா பேரிங் போயிரும். எனக்கு முன்னாடி ஃபேன்ல ஒண்ணு கரகரன்னு சத்தம் போட ஆரம்பிச்சுது, மாத்தியாச்சு. மத்தபடி இதுவர எந்த பார்ட்டும் போகல.

சித்திர வெயில்ல ஹால்லயே 36, 37 டிகிரி இருக்கும், அப்ப 4 டிபி ஹார்ட் டிஸ்க் 48, 49 வரைக்கும் போயிருக்கு. கம்பெனிக்காரன் சொல்ற எல்ல பெரும்பாலும் 60, 65, பயப்பட வேண்டாம், முன்னாடி ஃபேன் காத்து டிஸ்க்கு மேல படுற மாதிரி மட்டும் மாட்டுங்க. 5400 ஆர்பிஎம் டிஸ்க்கே போதும், படம் ஓட்ட வேகம் தேவையில்ல, 7200ன்னா அந்த முனங்கல் ஹால்ல கேக்கும். ரப்பர் வாசர் வச்சு முடுக்குங்க. கோடியோட போஸ்டர் படம், லிஸ்ட் எல்லாம் எஸ்எஸ்டில இருந்தா மெனு பாக்குறதுக்காக டிஸ்க் எந்திரிக்காது.

கரண்டு. இங்க சாயங்காலம் வோல்டேஜ் எறங்கும், காத்து சீசன்ல ஒரு நாளைக்கு பல தடவ போயி போயி வரும். வீட்டு இன்வெர்ட்டரு ஸ்கொயர் வேவ்னா மொதல்ல அத கவனிங்க, இப்ப வாற நல்ல எஸ்எம்பிஎஸ் எல்லாம் ஆக்டிவ் பிஎஃப்சி, அதாவது கரண்ட ஒழுங்கா இழுக்குற சர்க்யூட் உள்ளது, ஸ்கொயர் வேவ்ல அது ஒழுங்கா ஓடுமான்னு கேரண்டி கிடையாது, முனங்கும், ஆஃப் ஆவும். சைன் வேவ் எடுத்துட்டா பிரச்சன இல்ல. இன்வெர்ட்டருக்கு பின்னாடி யுபிஎஸ் மோடுன்னு ஒரு சுச்சு இருக்கும், அதுல போட்டா கரண்டு போனதும் 10 மில்லி செகண்டு போல பேட்டரிக்கு மாறிரும், சாதா மோடுல நேரமாவும். ஆனா யுபிஎஸ் மோடுல 180 வோல்ட்டுக்கு கீழ வந்தாலே பேட்டரிக்கு தாவிரும், எங்க தெருவுல அது டெய்லி நடக்கும், பேட்டரி தேயும்.

இங்க தான் எஸ்எம்பிஎஸ் பெருசா இருக்கது ஒதவுச்சு. எஸ்எம்பிஎஸ்ஸுக்குள்ள இருக்க கெப்பாசிட்டர் கரண்டு போனாலும் ஃபுல் லோடுல ஒரு 16 மில்லி செகண்டு போல தாங்கும்னு கணக்கு, நம்ம மெஷின் படம் ஓட்டும்போது இழுக்குறது 30, 40 வாட்ஸ் தான், அத 450 வாட்ஸ் எஸ்எம்பிஎஸ்ல ஓட்டுனா அத விட பல மடங்கு தாங்கும். நான் சாதா மோடுலயே தான் வச்சிருக்கேன், மெஷின் அணையல. கேசோட ஓசில வாற எஸ்எம்பிஎஸ்ஸ நம்பாதீங்க, 80 ப்ளஸ் பிரான்ஸ்னு தர முத்திர உள்ளதாவது எடுங்க. பயாஸ்ல கரண்டு திரும்பி வந்தா என்ன செய்யணும்னு ஒரு ஆப்ஷன் இருக்கும், அத ஆஃப்ல விடுங்க, இல்லன்னா கரண்டு வந்து வந்து போற நேரத்துல மெஷினும் கூடவே எந்திரிச்சு எந்திரிச்சு விழும்.

கரண்டு பில்லுக்கு பயப்படுறவங்களுக்கு: 30 வாட்ஸ், டெய்லி 5 மணி நேரம், ரெண்டு மாசத்துக்கு 9 யூனிட். இருவத்துநாலு மணி நேரமும் போட்டு வச்சா 43. ரெண்டு மாசத்துக்கு 100 யூனிட் ஃப்ரீயில பாதிய அதுவே தின்னுரும்.

ரிமோட்டு. கீபோர்டு மவுஸ அம்மா கையில குடுத்தா அன்னைக்கே இத மூலையில போட்டுருப்பா. பிசில எச்டிஎம்ஐ சிஇசி வராது, அதாவது டிவி ரிமோட்டாலயே பிசிய ஓட்டுறது, ராஸ்பெரி பைல வரும், சாதா போர்டுல கிடையாது. ஃப்ளிர்க்னு ஒரு யூஎஸ்பி ரிசீவர் இருக்கு, எந்த பழைய ஐஆர் ரிமோட்டையும் அதுக்கு கத்து குடுக்கலாம், நான் பழைய டிவிடி பிளேயர் ரிமோட்ட கத்து குடுத்தேன், அம்மாவுக்கு அதுல பட்டன் எது எதுன்னு ஏற்கனவே பழக்கம். ரிமோட்ட அமுக்குனா தூங்குற மெஷின் எந்திரிக்கணும்னா பயாஸ்ல ஈஆர்பின்னு கரண்ட மிச்சப்படுத்துற ஆப்ஷன் ஆஃப்ல இருக்கணும், அது ஆன்ல இருந்தா யூஎஸ்பிக்கு கரண்டே போவாது. ஏர் மவுஸ் (கைய அசைச்சு ஓட்டுற வயர் இல்லாத ரிமோட்டு) வாங்குறவங்க, அதோட டாங்கிள, அதாவது பிசில சொருவுற ரிசீவர, யூஎஸ்பி 3.0 ஹார்ட் டிஸ்க்குக்கு பக்கத்துல சொருவாதீங்க, 3.0 கேபிள் அந்த ரிமோட்டு ஓடுற 2.4 கிகா ஹெர்ட்ஸ்ல எடஞ்சல் கெளப்பும், ரிமோட்டு விட்டு விட்டு வேல செய்யும். ஒரு எக்ஸ்டென்ஷன் வயர்ல டாங்கிள தள்ளி வச்சா சரியாயிரும், இது தெரியாம நல்ல ரிமோட்ட திருப்பி அனுப்புனவங்க எத்தனையோ பேரு.

ஓஎஸ் லிப்ரெஎலெக். சுச்சு போட்டா நேரா கோடி தான் வரும், வேற எதுவும் கெடையாது. சிஸ்டம் ஃபைல் எழுத முடியாத பார்ட்டிஷன்ல இருக்கதால பட்டுன்னு கரண்டு போனாலும் கெடாது. சவுண்டு பாருக்கு சத்தம் டிவியோட ஏஆர்சி எச்டிஎம்ஐ வழியா தான் போவுது, நெறய டிவி டிடிஎஸ் சவுண்ட அப்படியே கடத்தாது, கோடில அத ஏசி3க்கு (டால்பி டிஜிட்டல்) மாத்திக்கன்னு ஒரு செட்டிங் போட்டா 5.1 வந்துரும்.

டிஸ்க் ஒண்ணு பத்தாது, ரெண்டாவது காப்பி கட்டாயம் வேணும். 2023 டிசம்பர் வெள்ளத்துல திருநெல்வேலி ஜங்ஷன் பக்கம் இருக்க மச்சான் வீட்டுல தரையில வச்சிருந்த பிசி, டிவிடி டப்பா எல்லாம் தண்ணிக்குள்ள. அவன் கல்யாண வீடியோ எங்க டிஸ்க்ல ஒரு காப்பி கெடந்ததால தப்பிச்சுது. "ஏல, அத ரெண்டா போட்டு குடுல"ன்னு டிஸ்க்கோட வந்து நின்னான்.

எல்லாம் சேத்து நாப்பதாயிரத்த தொட்டுச்சு, அதுல டிஸ்க் தான் பெரிய பங்கு. இன்னைக்கி கட்டுனா ஐ3 எடுக்க மாட்டேன், 2023ல வந்த இன்டெல் என்100 போதும், 6 வாட்ஸ் சிப்பு, ஏவி1 உண்டு, ஃபேனே இல்லாத போர்டு கூட இருக்கு. அதுல 19 வோல்ட் அடாப்டர்ல ஓடுறதா பாத்து எடுங்க, லேப்டாப் அடாப்டர் மாதிரி 100ல இருந்து 240 வோல்ட் வரைக்கும் அது ஏத்துக்கும், எங்க தெரு சாயங்கால வோல்டேஜுக்கு அதுக்கு மேல என்ன வேணும். டிஸ்க் மாட்டுறதுக்கு ரெண்டு சாட்டா போர்ட் இருக்கான்னு மட்டும் பாத்துக்கோங்க, ஒரே ஒரு போர்ட்டோட வாறதும் இருக்கு.