வீடு தேடி வந்து எல்.இ.டி. பல்பு விற்பவர்களிடம் எச்சரிக்கையாக இருங்கள்

கடலூர் வண்டிப்பாளையம், புதுப்பாளையம் பக்கத்தில் வீடு வீடாக எல்.இ.டி. பல்பு விற்கும் ஒரு குழு சுற்றிக்கொண்டிருக்கிறது. கழுத்தில் அடையாள அட்டை, கையில் இரண்டு ஹோல்டர்கள் பொருத்திய ஒரு பலகை. மின்சாரச் சேமிப்பு விழிப்புணர்வு என்று சொல்லித்தான் உள்ளே வருகிறார்கள். எங்கள் தெருவில் பல வீடுகளில் பழைய சி.எஃப்.எல். பல்புகளைக் கழற்றி எடுத்துக்கொண்டு, ஒன்று 250 ரூபாய் என்று ‘12 வாட்’ பல்புகளை மாட்டிவிட்டுப் போனார்கள். எங்கள் வீட்டில் ஆறு. அவர்கள் செய்து காட்டிய சோதனையே பித்தலாட்டம் என்பதால் விரிவாக எழுதுகிறேன்.

முதலில் என் 14 வாட் சி.எஃப்.எல். பல்பைப் பலகையில் மாட்டினார் அந்தத் தம்பி. ஆம்பியர் மீட்டர் 0.11 காட்டியது. “அக்கா, இதை 230 வோல்ட்டால் பெருக்குங்கள். 25 வாட் வருகிறது. டப்பாவில் 14 என்று போட்டு உங்களை ஏமாற்றியிருக்கிறார்கள்” என்றார். பெருக்கல் சரிதான், ஆனால் வந்த விடை வாட் இல்லை. சி.எஃப்.எல். பல்பில் மின்னோட்டமும் மின்னழுத்தமும் ஒத்துப்போவதில்லை. அதன் பவர் ஃபேக்டர் (வோல்ட்டையும் ஆம்பியரையும் பெருக்கி வருவதில் உண்மையில் செலவாகும் பங்கு) 0.55 அளவில்தான் இருக்கும். 25-ஐ அதனாலும் பெருக்க வேண்டும். பெருக்கினால் 14-க்குப் பக்கத்தில் வந்து நிற்கும். வீட்டு மீட்டர் யூனிட் கணக்கில் சேர்ப்பது அந்த 14-ஐத்தான். தங்கள் பல்புக்கு மட்டும் அவர்கள் ஆம்பியரைப் பெருக்கவே இல்லை. டப்பாவில் அச்சிட்ட 12-ஐக் காட்டினார்கள்.

அடுத்து வெளிச்சம். கைபேசியில் லக்ஸ், அதாவது ஓரிடத்தில் விழும் வெளிச்சத்தை அளக்கும் செயலி. சி.எஃப்.எல். போட்டவுடன் முழு வெளிச்சம் தராது. சூடேற ஒரு நிமிடமாவது ஆகும். போட்ட கையோடு அளந்தார்கள். மேலும் அது நாலாபுறமும் ஒளியைச் சிதறவிடும். எல்.இ.டி. பல்பின் கீழ்ப்பாதி ஒளி புகாத உடல் என்பதால் பெரும்பாலான வெளிச்சம் முன்பக்கமே பாயும். கைபேசியை அதன் முகத்துக்கு நேராக, இன்னும் கிட்டத்தில் பிடித்தார்கள். தூரம் பாதியானால் லக்ஸ் ஏறத்தாழ நான்கு மடங்காகக் காட்டும். அறை முழுவதற்கும் எவ்வளவு வெளிச்சம் கிடைக்கிறது என்பதை இந்த அளவை வைத்துச் சொல்லவே முடியாது. அதற்கு லுமென் என்ற எண்தான் வேண்டும். பழைய 60 வாட் குண்டு பல்பு சுமார் 700 லுமென், 14 வாட் சி.எஃப்.எல். சுமார் 800, நல்ல 9 வாட் எல்.இ.டி. சுமார் 900. வாட் என்பது பல்பு உண்ணும் மின்சாரம், லுமென் என்பது அது தரும் ஒளி. இவர்களுடைய டப்பாவில் லுமென் எங்குமே இல்லை.

500 யூனிட்டைத் தாண்டினால் பில் எகிறிவிடும் என்று பயமும் காட்டினார்கள். தாண்டினால் கட்டண விகிதம் மாறுவது உண்மைதான். ஆனால் 14 வாட் பல்பை எடுத்துவிட்டு 9 வாட் போட்டால், தினம் ஐந்து மணி நேரம் எரிந்தாலும், இரண்டு மாதத்துக்கு ஒரு பல்புக்கு ஒன்றரை யூனிட்தான் மிச்சம். 75 வாட் மின்விசிறியை எடுத்துவிட்டுக் குறைந்த வாட் மின்விசிறி போட்டால் கிடைக்கும் மிச்சம் இதைப்போலப் பல மடங்கு.

நான் வீட்டில் தையல் வேலை செய்கிறேன். இந்தப் பல்பின் கீழே கறுப்புத் துணியில் கறுப்பு நூல் தெரியவே இல்லை. அரக்கு நிறமும் காப்பிக்கொட்டை நிறமும் ஒன்றுபோலத் தோன்றின; நூல் மாறிப்போய் ஒரு ஜாக்கெட்டைப் பிரித்துத் தைக்க வேண்டியிருந்தது. கண்ணைப் பறிக்கும் நீல வெண்மையைப் பார்த்தால் பிரகாசம்போல இருக்கும், நிறத்தை மட்டும் சரியாகக் காட்டாது. எல்லாவற்றையும்விட என்னைப் பயமுறுத்தியது வேறு. மிஷின் வேகமாக ஓடும்போது சக்கரம் நின்றுகொண்டிருப்பதுபோலத் தெரிந்தது. மலிவான பல்புகள் நொடிக்கு நூறு முறை மங்கி மங்கி எரிவதால் வரும் மாயை அது. கைபேசிக் கேமராவில் பார்த்தால் திரையில் கறுப்புப் பட்டைகள் ஓடும். ஓடும் ஊசி நிற்பதுபோலத் தெரிந்தால் விரலுக்கு ஆபத்து. மிஷினோ கிரைண்டரோ ஓடும் இடத்தில் இத்தகைய பல்பை வைக்கவே கூடாது.

பிறகு மீட்டரில் சோதித்தோம். எங்கள் மீட்டரில் 3200 imp/kWh என்று போட்டிருக்கிறது. அதாவது ஒரு யூனிட்டுக்குச் சிவப்பு விளக்கு 3200 முறை சிமிட்டும். ஃபிரிட்ஜ் உட்பட எல்லாவற்றையும் அணைத்து, இந்த ஆறு பல்புகளை மட்டும் எரியவிட்டோம். 72 வாட் என்றால் 15, 16 நொடிக்கு ஒரு சிமிட்டல் வர வேண்டும். வந்ததோ 25 நொடிக்கு ஒன்று. அப்படியானால் ஒரு பல்பு ஏழரை வாட்தான். குறைந்தது நல்லதுதானே என்று பக்கத்து வீட்டுப் பெரியம்மா கேட்டார். 12 வாட்டுக்குரிய வெளிச்சத்துக்கு விலை வாங்கிக்கொண்டு ஏழரை வாட் பல்பை மாட்டுவது எப்படி நல்லதாகும்? குளியலறையில் தப்பிக் கிடந்த பழைய சி.எஃப்.எல். ஒன்றை அதே ஹோல்டரில் மாட்டிச் சில நிமிடம் எரியவிட்டுப் பார்த்தோம். அறை தெளிவாக இருந்தது. பழையதை எல்லாம் அவர்கள் ஏன் அள்ளிக்கொண்டு போனார்கள் என்பது அப்போதுதான் விளங்கியது. ஒப்பிட்டுப் பார்க்க எதுவும் மிஞ்சக் கூடாது!

டப்பாவில் தயாரிப்பாளர் முகவரி இல்லை, மாதமும் ஆண்டும் இல்லை. எல்.இ.டி. பல்புக்குக் கட்டாயமான பி.ஐ.எஸ். (இந்தியத் தர நிர்ணய அமைப்பு) பதிவு எண் (R என்று தொடங்கி எட்டு இலக்கம்) இல்லை. அந்த எண் அச்சிட்டிருந்தாலும் ‘பி.ஐ.எஸ். கேர்’ செயலியில் போட்டுப் பார்த்துவிடுங்கள். மின்சிக்கனத்தைக் காட்டும் நட்சத்திர முத்திரையும் இருக்க வேண்டும். பக்கத்துப் புதுச்சேரியில் 2014-லேயே அரசுத் திட்டத்தில் வீடுகளுக்கு எல்.இ.டி. பல்பு கொடுத்தார்கள். அதனால் அரசுத் திட்டம் என்று யாராவது சொன்னால் நம்மவர்கள் எளிதில் நம்பிவிடுகிறார்கள். இந்தக் குழு எந்தத் துறையின் ஆவணத்தையும் காட்டவில்லை.

ரசீது என்று கொடுத்த சீட்டில் ஜி.எஸ்.டி. எண் கிடையாது, அதிலிருந்த தொலைபேசி அணைத்து வைக்கப்பட்டிருக்கிறது. 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் புகார் பதிந்திருக்கிறோம். தெருவில் ஏமாந்தவர்கள் எல்லோரும் சேர்ந்து மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்கும் போகப் போகிறோம். ஐந்து லட்சம் ரூபாய் வரையிலான வழக்குக்கு அங்கே கட்டணம் இல்லை. உங்கள் வீட்டிலும் இதே பலகையோடு வந்திருந்தால் டப்பாவையும் சீட்டையும் பல்பையும் தூக்கிப் போடாமல் வைத்திருங்கள். வந்தவர்களின் படமோ வண்டி எண்ணோ இருந்தால் எங்களுக்குச் சொல்லுங்கள்; புகாரோடு சேர்க்க அதுதான் இப்போது தேவைப்படுகிறது.